இரண்டு கோல்டு: காலை டிபனா, மதியம் 2 மணியா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலைக்காக அடிக்கடி வெளியூரில் தங்குபவன் நான். மேரியட், ஹில்டன் ஆகிய ஓட்டல் குழுமங்கள் அடிக்கடி தங்குபவர்களுக்கு நடத்தும் உறுப்பினர் திட்டங்கள் இரண்டிலும் நடுப்படித் தகுதிக்குக் கோல்டு என்றுதான் பெயர். கையில் கிடைப்பதோ வேறு வேறு.

மேரியட் கோல்டு வருடத்துக்கு 25 இரவு தங்கினால் வரும். தங்கும் செலவுக்குச் சேரும் புள்ளியில் 25 சதவீதம் கூடுதல், கிளம்பும் நாளில் மதியம் 2 மணி வரை அறை, கொஞ்சம் மேலான அறை. பின்னிரண்டும் அன்றைக்கு இடம் இருந்தால்தான். காலை உணவு இந்தத் தகுதியில் கிடையாது.

ஹில்டன் கோல்டில், அமெரிக்காவுக்கு வெளியே, உறுப்பினருக்கும் அறையில் பதிவான இன்னொருவருக்கும் காலை உணவு உண்டு. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் தங்கும் நாளில் இதன் அருமை தெரியும்; காலையில் அவரை வெளியே சாப்பாட்டுக்கு அலைக்கழிக்க வேண்டாம். கூடுதல் புள்ளியும் 80 சதவீதம்.

சரி, பலன் என்று பார்த்தால் என் மனம் ஹில்டன் பக்கம்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் போவது கோயம்புத்தூரும் கொச்சியும். இரண்டிலும் மேரியட் ஓட்டல் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் அங்குள்ள ஹில்டன் கார்டன் இன்னைப் பாருங்கள்.