சோனி ஏ7எஸ் 3, எஃப்எக்ஸ்6: எதை வாங்குவது?

2020இல் அறிமுகமான இவ்விரு கேமராக்களும் ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள) சென்சார் கொண்டவை. இரண்டிலும் 4கே வீடியோவை நொடிக்கு 120 ஃபிரேம் வரை, நுண்ணிய நிற வேறுபாடுகளையும் காட்டும் 10-பிட் நிறத்தில் பதிவு செய்யலாம் என்பதால், படத்தின் தரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. உச்சிவெயிலில் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுக்க வேண்டுமானால், ஏ7எஸ் 3-இல் லென்ஸின் முன் என்டி ஃபில்டரை, அதாவது உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடியைத் திருகி மாட்ட வேண்டும். லென்ஸை மாற்றும்போதெல்லாம் அந்த வேலை மீண்டும் வரும். எஃப்எக்ஸ்6-இலோ உள்ளேயே அமைந்த எலக்ட்ரானிக் என்டியை, ஒளியில் 1/4 பங்கு முதல் 1/128 பங்கு வரை மட்டும் உள்ளே விடும்படி, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சீராக மாற்றலாம். ஆவணப்படம் எடுப்பவர் அதை வாங்குவதற்கு இந்த ஒரு வசதியே போதும் என்பேன். தொழில்முறை ஒலிப்பதிவுக்கான எக்ஸ்எல்ஆர் மைக்குகளையும் அந்தக் கேமராவின் உடற்பகுதியில் நேரடியாக இணைக்கலாம். ஆனால் சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பு எஃப்எக்ஸ்6-இல் இல்லை. ஆகவே கையில் பிடித்தே எடுப்பவருக்கும், புகைப்படமும் எடுத்துத் தரவேண்டிய திருமணப் படப்பிடிப்பாளருக்கும், புகைப்படத்துக்கு 12 மெகாபிக்சல்தான் என்றாலும், ஏ7எஸ் 3-ஐயே பரிந்துரைக்கிறேன்.