ககாரினா, ஷெப்பர்டா?

மனிதனின் முதல் விண்பயணங்கள் பற்றிய பேச்சுப்போட்டிக்கு சோவியத் விண்வெளி வீரர் யூரி ககாரினை எடுப்பதா, அமெரிக்க வீரர் ஆலன் ஷெப்பர்டை எடுப்பதா என்று மாணவர்கள் குழம்புகிறார்கள்.

நாள்: ககாரின் போன வஸ்தோக் 1 விண்கலம், 1961 ஏப்ரல் 12. ஷெப்பர்ட் போன ஃப்ரீடம் 7, அதே ஆண்டு மே 5. இடைவெளி 23 நாள்தான்.

நேரம்: ககாரின் 108 நிமிடம், பூமியை ஒரு சுற்று. ஷெப்பர்ட் 15 நிமிடம், மேலே போய் இறங்கியதோடு சரி.

கட்டுப்பாடு: எடையற்ற நிலையில் மனிதன் நிதானம் இழப்பானோ என்று சோவியத் தரப்பு அஞ்சியது. கைக்கட்டுப்பாட்டைப் பூட்டி, திறக்கும் எண்ணை உறையிலிட்டு அனுப்பினார்கள். அந்த எண் 125. நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஷெப்பர்டோ கலத்தைத் தன் கையாலேயே திருப்பிப் பார்த்தார்.

இறக்கம்: ககாரின் சுமார் 7 கி.மீ. உயரத்தில் கலத்தைவிட்டு வெளியேறி, பாராசூட்டில். ஷெப்பர்ட் கலத்தோடே அட்லாண்டிக்கில்.

முன்பின் தெரியாத இடத்துக்குப் போன துணிச்சலைச் சொல்ல ககாரின். கலத்தை மனிதன் ஓட்டிய கதைக்கு ஷெப்பர்ட்.