மொத்தமாகவா, மாதாமாதமா? ஜீவனாம்சத்தில் நான் எடுத்த முடிவு

விவாகரத்து என்று பேச்சு எடுத்ததும் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை மாதம் ஆகும் என்று. அடுத்தது ஜீவனாம்சம். அதை ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பதா, மாதாமாதம் வாங்குவதா என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். நான் இரண்டையும் பார்த்தவள். வழக்கு நடந்த மூன்று வருடமும் எனக்கு மாதம் 12,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் என்று உத்தரவு இருந்தது. கடைசியில் பரஸ்பர சம்மதத்தில் முடித்தபோது 14 லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டேன். மொத்தத் தொகைதான் என் பக்கம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இரண்டுக்கும் இடம் தருகிறது. பரஸ்பர சம்மதம் என்றால் 13பி பிரிவு: ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாதம் இடைவெளி. அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தகுந்த காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதெல்லாம் எந்த வக்கீலும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

மாதத் தொகைக்கு நியாயமான வாதங்கள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். விலைவாசி ஏறினாலோ கணவரின் வருமானம் கூடினாலோ மறுபடி மனு போட்டு உயர்த்தித் தரக் கேட்கலாம். 2025இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாய் என்றும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டித்தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மொத்தத் தொகையில் அந்தக் கதவு மூடிவிடும். அப்புறம், கையில் லட்சக்கணக்கில் பணம் இருப்பது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வருவார்கள். எனக்கும் வந்தார்கள்.

ஆனால் இந்த வாதங்கள் எல்லாமே பணம் ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. எனக்கு அங்கேதான் எல்லாம் உடைந்தது. 10ஆம் தேதிக்குள் என் கணக்கில் போட வேண்டும் என்று உத்தரவு. ஐந்து மாதம் சரியாக வந்தது. ஆறாவது மாதம் 6,000, அடுத்த மாதம் 3,000, அப்புறம் ஒன்றும் இல்லை. பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, அந்த வரிசையில் விரலை ஓட்டிப் பார்ப்பேன், சம்பளமும் கரண்ட் பில்லும்தான் இருக்கும். ஒன்றுமே வராத ஏழு மாதத்துக்கு மட்டும் பாக்கி 84,000 சேர்ந்ததும், உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டோம். நோட்டீஸ் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று திரும்பி வந்தது. பிறகு வாய்தா மேல் வாய்தா, மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எனக்கு அரை நாளோ ஒரு நாளோ விடுப்பு, போன விடுப்புக்குச் சம்பளப் பிடித்தம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144) வாங்கிய ஜீவனாம்ச உத்தரவு என்றால், பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். சரி, மொத்தமாகச் சேர்ந்த பிறகு போடலாம் என்று உட்கார்ந்திருந்தால் பழைய மாதங்களுக்கு வாரண்ட் கேட்க முடியாமல் போகும். கொடுக்காதவரை ஒரு மாத பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம், சிறையில் இருந்ததால் பாக்கி கழியாது என்று உச்ச நீதிமன்றமே 1989இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் உள்ளே போய் வேலையும் போய்விட்டால் அடுத்த மாதம் யார் கொடுப்பது? என் மகள் வளர்ந்த பிறகு கேட்டால் என்ன சொல்வது? அந்த வாரண்டைக் கேட்க எனக்குக் கை வரவில்லை.

சம்பளத்தில் பிடிக்க முடியும். ஜீவனாம்ச டிக்ரி (நீதிமன்றத்தின் தீர்ப்பாணை) என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மீதியை ஜப்தி செய்யலாம். ஆனால் என் வழக்கில் அவர் இரண்டு கம்பெனி மாறினார், புது இடம் எது என்று நான்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு அரசு ஊழியராக இருந்தால் என் வாதத்தின் பாதி பலம் போய்விடும், அந்த நிலையில் மாதத் தொகை சரியாகவே இருக்கலாம். நான் வாழ்ந்து பார்த்தது தனியார் வேலைக்காரரோடுதான்.

14 லட்சம் என்பது மாதம் 12,000 கணக்கில் பத்து வருடம்கூட வராது. குறைத்துத்தான் வாங்கினேன், தெரிந்தே. பேரம் பேசும்போது இரண்டு தீர்ப்புகள் உதவின: 2017இல் ஒரு வழக்கில் கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. அந்தப் பத்திரத்தை வாங்காமல் தொகை பேசாதீர்கள். வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. மொத்தத் தொகையை மூலதன வரவாகப் பார்ப்பதால் வருமான வரி வராது, மாதாமாதம் வருவது வருமானம். மறுமணம் செய்துகொண்டால் மாத உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ அவர் மனு போடலாம், வாங்கி முடித்த தொகைக்கு அந்தத் தொங்கல் இல்லை.

குழந்தையின் ஜீவனாம்சத்தை இதோடு கலக்காதீர்கள். அது குழந்தையின் உரிமை, அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. நாங்கள் மகள் பெயரில் தனியாக வைப்புநிதி போடச் சொல்லி எழுதினோம். சீதன நகைக்கும் தனிப் பட்டியல்.

பணம் கைமாறும் விதத்தில் கறாராக இருங்கள். பாதி முதல் மனு அன்று, மீதி இரண்டாவது மனு அன்று, இரண்டும் டிடியாக. பின்தேதி போட்ட காசோலை வேண்டாம், திரும்பினால் அது இன்னொரு வழக்கு. தவணை தவிர்க்க முடியாது என்றால் அவருடைய அசையாச் சொத்தின் மேல் பொறுப்பு (பணம் வராவிட்டால் அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும் உரிமை) ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், 25ஆம் பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. டிக்ரி வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அப்படி நடந்தால் முதல் பாதி என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

எங்கள் முதல் டிடி அவர் இனிஷியலோடு என் பெயரில் வந்தது. என் கணக்கோ அப்பா இனிஷியலில். வங்கியில் எடுத்துக்கொள்ளவில்லை, மாற்றி வாங்கி வர இன்னொரு வாய்தா, இரண்டு வாரம் போனது. டிடி எந்தப் பெயரில், எந்த இனிஷியலோடு என்பதையும் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்.