கச்சான் காற்றுக் காலத்தில் கைகொடுத்த வெப்பமானி

இந்த வெப்பமானியைத் திருகோணமலை மத்திய வீதிக் கடையொன்றில் 2,850 ரூபாய்க்கு வாங்கினேன். நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளை நினைவில் வைத்திருக்கும் வகை.

நான் தக்காளி நாற்றுகளில் வைரஸைக் கொண்டு மரபணுவை அடக்கிப் பார்க்கும் ஆய்வு மாணவி. டொபாக்கோ ரட்டில் வைரஸுக்குள் தாவரத்தின் பிடிஎஸ் (கரோட்டினாய்டு உருவாகத் தேவையான மரபணு) துண்டொன்றை வைத்துச் செலுத்தினால், வைரஸை எதிர்க்கப்போய் நாற்று தன் சொந்த பிடிஎஸ் மரபணுவையே அடக்கிவிடும். பச்சையத்தைக் காக்கும் நிறமியான கரோட்டினாய்டு உருவாகாது, காப்பில்லாத பச்சையம் ஒளியில் சிதைந்து, புதிய இலை பால்போல் வெளுக்கும். இதற்கு 20 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். சூடு ஏறினால் அடக்கம் குன்றிவிடும்.

ஆனி மாதத்தில் என் நாற்றுகள் நரம்போரம் மட்டும் வெள்ளைக் கீற்றுக் காட்டிவிட்டுப் பச்சையாகவே நின்றன. அறைக் குளிரூட்டியோ எப்போதும் 21 என்றே காட்டியது. இந்த வெப்பமானியை இலைமட்டத்தில் தொங்கவிட்டேன். மறுநாள் பார்த்தால் அதிகபட்சம் 31! கச்சான் வீசும் மதியத்தில், விளக்கடியில் மேல்தட்டு வெந்துகொண்டிருந்திருக்கிறது. தட்டுகளைக் கீழே இறக்கினேன். அடுத்த தொகுதியில் உச்சி இலை முழுவதும் வெளுத்தபோது கண் கலங்கிவிட்டது.

உணரியின் கம்பி ஒரு மீற்றர்தான், போதாது. பற்றரி மூடியும் தளர்வு, நாடா ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் மேல்தட்டுக்கென்று இன்னொன்று வாங்கப் போகிறேன்.