வன்னியில் செயற்கைக் கால்கள்: ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இந்த முறை கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனபோது செயற்கைக் கால் போட்டவர்களுக்கு என்ன சேவை கிடைக்கிறது என்று பார்த்து வந்தோம். கால் செய்து கொடுக்க இடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. ஆனால் கிடைத்த காலை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு வயலில் நிற்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. சில வீடுகளில் கால் சுவரோடு சாத்திக் கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "கடிக்குது."

கடிப்பதற்குக் காரணம் பல. போரின் கடைசிக் கட்டமான 2009 இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மருந்துத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, உயிர் தப்பினால் போதும் என்று வெட்டிய கால்கள் இருக்கின்றன. எலும்பு நுனியை மழுக்கித் தசையை மடித்துத் தைக்க அங்கே நேரம் இருக்கவில்லை. கூரான எலும்பு தோலை உள்ளிருந்து தள்ளும். சிலருக்கு எறிகணைத் துண்டும் உள்ளேயே இருக்கிறது. இவர்களுக்கு முதலில் தேவை எக்ஸ்ரேயும் சத்திரசிகிச்சை நிபுணரின் ஆலோசனையும்தான். அதைச் செய்யாமல் எத்தனை புதுக் கால் கொடுத்தாலும் மூலைக்குத்தான் போகும்.

அடுத்தது சொக்கெற், அதாவது மீதிக் கால் உள்ளே இறங்கி நிற்கும் கூடு. முழங்காலுக்குக் கீழே வெட்டியவர் என்றால், மீதிக் காலைச் சுற்றிப் பிளாஸ்டர் கட்டி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில், பாரம் தாங்கக்கூடிய இடங்களில், முக்கியமாக முழங்காற்சில்லுக்குக் கீழே, பிளாஸ்டரைச் சீவிக் குறைப்பார்கள். எலும்பு துருத்தும் இடங்களில் கொஞ்சம் பூசிக் கூட்டுவார்கள். பிறகு பொலிப்புரொப்பிலீன் தகட்டை 180 பாகை செல்சியஸ் அளவில் இளக்கி அதன்மேல் போர்த்து, காற்றை உறிஞ்சி இறுக்குவார்கள். இதில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிழைத்தாலே புண் வரும்.

சரியாக வந்த சொக்கெற்றும் அப்படியே இருக்காது. வெட்டிய முதல் வருடத்தில் மீதிக் கால் வேகமாக மெலியும். அந்த இடைவெளியை, மீதிக் காலில் மாட்டும் சொக்ஸை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து நிரப்பலாம். சொக்ஸின் தடிப்பை இழைக் கணக்கில் சொல்வார்கள். மொத்தம் பத்து இழைத் தடிப்புக்கு மேல் தேவைப்பட்டால் சொக்கெற் புதிதாகச் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது. வளரும் பிள்ளைகளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பத்து நிமிடம் நடந்துவிட்டுக் காலைக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் கூட. அதைப் பொறுத்துக்கொண்டு நடக்கச் சொல்லவே கூடாது. நீரிழிவால் கால் எடுத்தவருக்கு நோவே தெரியாமல் புண் ஆழமாகிவிடும். அவர் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

வயல் வேலை செய்பவர் இதைத் தொழில்நுட்பவியலாளரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். உள்ளே நுரை வைத்த பாதம் வெடித்தால் சேற்றுநீர் இறங்கிப் பழுதாகும். ஜெய்ப்பூர் றப்பர் பாதம் சேற்றுக்கும் வெறுங்காலுக்கும் ஏற்றது, குந்தியிருக்கவும் ஓரளவு வளையும். சப்பாத்துக் குதி உயரத்துக்கு ஏற்றபடி பூட்டிய காலோடு கோயிலுக்குள் வெறுங்காலில் போனால் உடம்பு பின்னால் சரியும். 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் போட்டு வரம்பில் நடப்பவர் அதைப் பாதி நிரப்பிக்கொள்வது நல்லது. இரவில் சொக்கெற்றைச் சவர்க்காரம் போட்டு ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். வெயிலிலும் அடுப்படியிலும் வைத்தால் உள்மெத்தை சுருங்கும்.

இனிக் காசு விடயம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். அச்சுக்கு ஒரு தரம், போட்டுப் பார்க்க ஒரு தரம், நடைப் பயிற்சிக்கு, பிறகு திருத்தத்துக்கு. ஒவ்வொரு தரமும் அவருக்கும் கூடப் போகிறவருக்கும் நாட்கூலி போகிறது. கால் இலவசமாகக் கிடைத்தாலும் இந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் திருத்தத்துக்குப் போகாமல் விடுகிறார்கள். மேடை போட்டுக் கால் வழங்கும் செலவில் பாதியையாவது பஸ் காசுக்கும் கூலி இழப்புக்கும் ஒதுக்கினால் பலன் கூட. பெண்களுக்கு, பெண் தொழில்நுட்பவியலாளர் இருக்கும் நாளைக் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள்; கூச்சத்தாலேயே வராமல் இருப்பவர்கள் உண்டு.

வெளிநாட்டிலிருந்து பழைய கால்களைச் சேர்த்துக் கொண்டு போகாதீர்கள். ஒருவருக்குச் செய்த சொக்கெற் இன்னொருவருக்குப் பொருந்தாது. உலோக இணைப்புகளும் அங்குள்ள பொலிப்புரொப்பிலீன் பாகங்களோடு சேராமல் போகலாம். கொண்டு போவதென்றால் மீதிக் காலில் மாட்டும் பருத்தி அல்லது கம்பளிச் சொக்ஸ், ஒருவருக்குக் குறைந்தது மூன்று சோடி. சொக்கெற்றுக்குள் தோலோடு ஒட்டிப் போடும் சிலிக்கன் உறை கேட்டால் மீதிக் காலின் நுனியிலிருந்து நாலு சென்ரிமீற்றர் மேலே சுற்றளவு எடுத்து வாங்குங்கள். அந்த உறை வெக்கையில் நன்றாக வேர்க்கும், ஒரு வருடத்துக்கு மேல் உழைப்பது அரிது. அடுத்த உறைக்கு யார் காசு கொடுப்பது என்று முடிவெடுக்காமல் அதை ஒருவருக்குப் பழக்கக் கூடாது. திருத்தவேலை எதுவானாலும் காலபோக (மாரிகால நெல்) விதைப்பு தொடங்கமுன், ஆவணி மாதத்துக்குள் முடியும்படி நாள் எடுத்துக் கொடுங்கள்.