ஐபிஏவா, ஆல்கஹால் இல்லாத ஃபவுண்டனா: ரோலர் சொன்ன பதில்

சிவகாசியில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானால் சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மார்கழி வரைக்கும் எங்கள் நான்கு கலர் ஆஃப்செட் மெஷினுக்கு ஓய்வு கிடையாது. அந்த மாதங்களில் சாயங்காலம் மெஷின் ஹாலுக்குள் நுழைந்தாலே ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறும். மெஷின்மேன் தலைவலி மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அந்த நெடியை நிறுத்தலாம் என்று நான் முடிவெடுத்து இரண்டு சீசன் ஆகிறது.

ஆஃப்செட்டில் படம் இல்லாத இடத்தில் மை ஒட்டாமல் இருக்க பிளேட்டை ஈரமாக்கும் தண்ணீருக்கு ஃபவுண்டன் என்று பெயர். நெடிக்குக் காரணம் அதில் கலக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தொழிலில் ஐபிஏ என்போம். நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை கலப்பது வழக்கம். சீசனில் எங்களுக்கு மாதம் 100 லிட்டர் ஆனது. அது தாளிலும் தங்காது, மையிலும் தங்காது. ஊற்றியதில் பெரும்பகுதி ஆவியாகக் காற்றுக்குத்தான் போகிறது. 100 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 78 கிலோ. வெயிலில் வாகனப் புகையோடு சேர்ந்து தரையை ஒட்டி ஓசோனை உண்டாக்கும் ஆவிகளில் இதுவும் ஒன்று. இன்னொன்று, தண்ணீர் கலக்காத ஐபிஏவின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை வெறும் 12 டிகிரி. சிவகாசியில் எந்த நாள் 12 டிகிரிக்குக் கீழே போகிறது? பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அவ்வளவு எச்சரிக்கை பார்க்கிற ஊரில், அச்சகத்துக்குள் இதைச் சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருந்தோம்.

ஐபிஏவின் நன்மைகளை மறுக்க மாட்டேன். தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து பிளேட்டில் மெல்லிய படலமாகப் பரப்பும். தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்குவதால் ரோலர் அதை எளிதாக ஏற்றிக்கொள்ளும். ஆவியாகும்போது ரோலரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மெஷின்மேனுக்கு வேலை சுலபம். சரி, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மாற்றாகக் கிடைப்பவை (மாற்று மருந்து என்போம்) பெரும்பாலும் கிளைக்கால் என்ற ரசாயன வகைகள். 2 முதல் 3 சதவீதம் கலந்தால் போதும். இழுவிசையை இவை குறைத்துவிடும். ஆனால் தண்ணீரைக் கெட்டியாக்குவதில்லை, ஆவியாகிக் குளிர்விப்பதும் இல்லை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

2020இல் சானிடைசர் தயாரிப்புக்கு ஐபிஏ போய், விலை எகிறியதே, அப்போதே ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். நான்கே நாளில் கைவிட்டேன். படம் இல்லாத இடத்தில் மை படிந்தது. தண்ணீரைக் கூட்டினால் மையோடு கலந்து கலர் வெளுத்தது, தாள் காயவில்லை. "முதலாளி, சரக்கு இல்லாம இந்த மெஷின் ஓடாது" என்றார் எங்கள் மூத்த மெஷின்மேன். "சரிண்ணே, பழையபடியே ஊத்துங்க" என்றுவிட்டேன். குறை மருந்தில் இல்லை, ரோலரில் இருந்தது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியவில்லை.

ஃபவுண்டன் யூனிட்டில் இருக்கும் ரப்பர் ரோலர் புதிதாக வரும்போது, ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 25ஐ ஒட்டி மென்மையாக இருக்கும். மை, சால்வென்ட், தாள்தூசி எல்லாம் ஏறி, மேலே பளபளப்பு கட்டி, வருடத்துக்கு வருடம் இறுகும். எங்களுடையதை அளந்தபோது 40ஐத் தாண்டியிருந்தது. அப்படி இறுகிய ரோலர் வெறும் தண்ணீரைச் சீராக ஏற்றாது. ஐபிஏ இருந்தவரை தண்ணீர் கெட்டியாக இருந்ததால் அந்தக் குறை மூடிக் கிடந்தது. மாற்று மருந்து எதையும் மூடி வைக்காது.

இரண்டாம் முறை மருந்து வாங்குவதற்கு முன்னால் ரோலர்களைக் கழற்றினேன். நான்கு யூனிட்டிலும் ஃபவுண்டன் ரோலர்களுக்குப் புது ரப்பர் போட்டு, ரோலர்கள் ஒன்றோடொன்று அழுந்தும் கோடுகளைப் பார்த்து செட் செய்தோம். மூத்த மெஷின்மேன் ஒரு வாரம் முணுமுணுத்தார். இப்போது ஷோர் மீட்டர் அவர் மேஜையிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுவதும் அவர்தான். 35ஐத் தொட்டால் ரப்பர் மாற்றும் பட்டியலில் ஏறிவிடும். ரப்பர் போட்ட செலவை, வாங்காமல் விட்ட ஐபிஏ ஒரு சீசனும் அடுத்ததில் பாதியுமாக எடுத்துக் கொடுத்தது. ரோலர் பராமரிப்புக்கு மனம் இல்லாதவர் ஐபிஏவை விட்டு வெளியே வர முயலவே வேண்டாம். தாளும் போகும், கஸ்டமரும் போவார்.

ரோலருக்கு அடுத்தது தண்ணீர். எங்களுக்கு வருவது போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும். இரண்டிலும் சுண்ணாம்பு உப்பு அதிகம். அந்தச் சுண்ணாம்போடு ஆர்ட் பேப்பரின் பூச்சிலிருந்து வரும் கால்சியமும் சேர்ந்து ரோலரில் வெள்ளையாகப் படியும். ஆர்ஓ போட்டு, ஆர்ஓ தண்ணீருக்கென்றே வரும் ஃபவுண்டன் கரைசலாகக் கேட்டு வாங்குகிறோம். பிஎச் 5ஐ ஒட்டி நிற்கிறதா என்று காலையில் ஒருமுறை பார்ப்போம். ஃபவுண்டன் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை 10 முதல் 12 டிகிரியில் வைத்து, அதன் பின்பக்கத் தூசியை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். ஆவி செய்த குளிர்விப்பு வேலையை இனி சில்லர்தானே செய்ய வேண்டும்?

மாற்று மருந்து முழுக்கச் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். சில கிளைக்கால் ஈதர்கள் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கும். நெடி இல்லாததாலேயே பயமில்லாமல் வெறுங்கையை விட்டுவிடுவார்கள். கையுறை கட்டாயம். தொட்டியின் பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும் பழக்கம் ஐபிஏ காலத்தில் எங்களிடமும் இருந்தது. இப்போது தனிப் பீப்பாயில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்கிறோம்.

தண்ணீரே வேண்டாத வாட்டர்லெஸ் பிளேட்டும் இருக்கிறது. மை ரோலருக்குள்ளேயே குளிர்விப்பு வேண்டும். எங்கள் மெஷினில் அது இல்லை என்பதால் அதற்குள் போகவில்லை.

காலண்டர், டைரி, பாடநூல், சாதா அட்டைப்பெட்டி ஆகியவற்றில் ஐபிஏ இல்லாமல் ஓட்டுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. தங்க மையும், உலோகப் பூச்சுள்ள அட்டையான மெட்டலைஸ்டு போர்டும் வந்தால் கதை வேறு. தங்க மையில் சாமி பட வேலைகளுக்கு இன்றும் 3 சதவீதம் ஐபிஏ சேர்க்கிறோம். மெட்டலைஸ்டு போர்டில் ஐபிஏ இல்லாமல் இரண்டே வேலைதான் ஓட்டியிருக்கிறோம். ஒன்று நன்றாக வந்தது, மற்றதில் மை காய மூன்று நாள் ஆனது. இரண்டு வேலையை வைத்து உங்களுக்கு யோசனை சொல்வது சரியில்லை. தங்க வேலைகளுக்காக 20 லிட்டர் கேன் ஒன்று ஸ்டோரில் பூட்டி இருக்கிறது. போன சீசன் ஆரம்பத்தில் திறந்தது, பொங்கலுக்கும் பாதி மிச்சம் இருந்தது.