வேப்பெண்ணெய் பூசிய ‘இயற்கைக் குருணை’: மாடித்தோட்டம் வைத்திருப்போர் கவனத்துக்கு

‘வேப்பெண்ணெய் பூசிய மெதுவுரக் குருணை, 100% இயற்கை’ என்று அச்சிட்ட ஒரு கிலோ பொட்டலத்தை எங்கள் பகுதி நர்சரி ஒன்றில் 190 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உள்ளே இருந்தது உழவர்களுக்கு அரசு மானிய விலையில் கிடைக்கும் சாதாரண யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. கணக்குப் பார்த்தால் கிலோ ஆறு ரூபாய்கூட வராது. முப்பது மடங்கு விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொன்ன அளவைப் போட்டதில் பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளிச் செடிகள் கருகிப் போயின என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கும்போதே அளவைக் கேட்டேன். “பைக்கு ஒரு கைப்பிடி போடுங்கக்கா, வாரா வாரம் போடலாம். கூடப் போனாலும் ஒண்ணும் ஆகாது, எண்ணெய்க் கோட்டிங் இருக்கில்ல, மெதுவாத்தான் கரையும்” என்று உறுதியாகச் சொன்னார். தழைச்சத்து (நைட்ரஜன்) எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு, “இயற்கை உரத்துக்கு அதெல்லாம் போட மாட்டாங்க” என்று பதில் வந்தது. பொட்டலத்தில் தயாரித்தவர் பெயரோ தொகுதி எண்ணோ இல்லை. ஒரு வேப்பிலைப் படமும் ஒரு கைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன.

போட்டுத் தண்ணீர் விட்ட மறுநாள் காலையிலேயே பைகளின் அருகே மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தது. அடுத்து இலைகளின் ஓரம் தீய்ந்து உள்நோக்கிச் சுருண்டது. மண் ஈரமாக இருந்தும் செடிகள் நீரில்லாதவை போலத் துவண்டன. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வெள்ளையாக இருக்க வேண்டிய மெல்லிய வேர்கள் பழுப்பேறிக் கையோடு உதிர்ந்தன. மிச்சமிருந்த குருணையில் ஒரு கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினேன். சற்று நேரத்தில் அடியில் வண்டல் எதுவுமின்றி முழுவதும் கரைந்துவிட்டது. பிரிட்ஜில் வைத்தெடுத்ததுபோல டம்ளரின் வெளிப்புறம் சில்லிட்டது. கரையும்போது தண்ணீரைக் குளிரச் செய்வது யூரியாவின் இயல்பு. மண்புழு உரமோ வேப்பம் பிண்ணாக்கோ அப்படிச் செய்வதில்லை.

வேப்பெண்ணெய்ப் பூச்சு என்பது பொய்யன்று. உள்நாட்டில் உற்பத்தியாகும் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதாகவே இருக்க வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆகவே, தனிச்சிறப்பு என்று நம் தலையில் கட்டப்படுவது, எந்த உரக்கடையில் வாங்கினாலும் கிடைக்கும் அதே சரக்குதான். அந்தப் பூச்சு குருணை கரைவதைத் தடுப்பதும் இல்லை. விதி கேட்கும் எண்ணெயின் குறைந்தபட்ச அளவு 0.035 சதவீதம், அதாவது கிலோவுக்கு அரைக் கிராமுக்கும் குறைவு. இவ்வளவு மெல்லிய பூச்சு தண்ணீரை எங்கே தடுக்கப் போகிறது? யூரியா உடனே கரைந்து, மண்ணிலுள்ள நொதியால் ஓரிரு நாளில் அம்மோனியமாக மாறத் தொடங்கிவிடும். அதற்கடுத்து அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேலையைத்தான் வேம்பு மந்தப்படுத்துகிறது. தழைச்சத்து நீரோடு அடித்துச் செல்லப்படாமல் நெல்வயலில் தங்க அது உதவும். நம் ஊர் உழவர்கள் யூரியாவோடு ஜிப்சத்தையும் வேப்பம் பிண்ணாக்கையும் 5:4:1 என்ற அளவில் கலந்து ஓரிரவு வைத்திருந்து வயலுக்கு இடுவதும் தழைச்சத்து வீணாகாமல் இருக்கத்தான். தென்னை நார்க்கழிவு நிரப்பிய சிறிய பையில் அளவு மிஞ்சினால், வேரைச் சுற்றிச் சேரும் அம்மோனியாவிலிருந்து செடியை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

கைப்பிடி என்ற அளவு எத்தகையது என்பதையும் பார்த்துவிடலாம். தக்காளி ரகங்களுக்கு அடியுரமும் மேலுரமுமாக ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு சுமார் 37,000 செடிகள் என்று கொண்டால், ஒரு செடிக்குப் பயிர்க்காலம் முழுவதற்கும் 4 கிராம் தழைச்சத்து. 46 சதவீதத் தழைச்சத்து உள்ள யூரியாவாகக் கணக்கிட்டால் 9 கிராம். நான் தராசில் நிறுத்துப் பார்த்தபோது ஒரு கைப்பிடி 40 கிராமுக்கு மேல் வந்தது. அதைத்தான் வாரா வாரம் போடச் சொல்கிறார்கள்.

யூரியாவைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அளவறிந்து, கரைத்துப் பிரித்து ஊற்றினால் கீரைக்குக்கூடப் பயன்படும். ஆனால் ஆலையில் செயற்கையாகத் தயாராகும் யூரியாவுக்கு இயற்கை வேளாண்மையில் இடமே இல்லை என்பதால், ‘100% இயற்கை’ என்று அச்சிட்டு விற்பது அப்பட்டமான ஏமாற்று. உரிமம் பெற்ற சில்லறை உரக்கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து வைத்துச் சில்லறையாக விற்க 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை இடம் தருகிறது. உரிமமே இல்லாதவர் பெயரை மாற்றிப் புதுப் பொட்டலத்தில் அடைத்து விற்க இடம் தரவில்லை. அது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

திரும்பச் சென்று கேட்டபோது, “தண்ணி சரியா விட்டிருக்க மாட்டீங்க” என்று கடைக்காரர் பழியை என் மீது போட்டார். உர உரிமத்தைக் காட்டுங்கள் என்றதும் அருகில் நின்ற வேறொரு வாடிக்கையாளரிடம் பேசத் தொடங்கிவிட்டார். ரசீது கேட்டு வாங்கியிருந்ததால், அதையும் பிரித்த பொட்டலத்தையும் கருகிய செடிகளின் படங்களையும் சேர்த்து வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். இதே பொட்டலத்தை வாங்கி ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், மேலே தெரியும் குருணைகளை உடனே பொறுக்கி எடுத்துவிட்டு, பையின் அடித்துளை வழியாக நீர் நன்றாக வெளியேறும்வரை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நெடி அடிக்கத் தொடங்கும் முன் இப்படிக் கழுவிய பைகளில்தான் எனக்குச் சில செடிகள் தேறின.